தங்கால் வார்த்திகன் முதல் ஆயர்பாடி மாதரி வரை... சிலப்பதிகார 'சைடு கேரக்டர்கள்' கற்றுத்தரும் 6 வாழ்க்கைப் பாடங்கள்!

உங்க வீட்டுச் சுவரில் தொங்குற காலண்டரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. படத்தில் ஒரு சாமியோ, ஒரு நடிகரோ சிரிச்சுக்கிட்டு இருப்பாங்க. கீழே ஒரு கடையின் பெயர் பெருசா இருக்கும். ஆனா, அந்தத் தாளை வெட்டினவர், தேதிக் கட்டை ஒட்டினவர், தகரப்பட்டை அடிச்சவர்... இவங்க பெயர் எங்கேயும் இருக்காது. சிவகாசி - திருத்தங்கல் வட்டாரத்தில் நாள் முழுக்க இந்த வேலையைச் செய்றவங்க ஆயிரக்கணக்கில் இருக்காங்க. அவங்க இல்லைன்னா காலண்டரே இல்லை.

கதைகளும் இப்படித்தான். ஹீரோவும் ஹீரோயினும் அட்டைப்படத்தில் இருப்பாங்க. கதையைத் தாங்கிப் பிடிக்கிறது வேற சில கைகள்.

திருத்தங்கல்னு சொன்னதும் பலருக்கும் நினைவுக்கு வர்றது, மலைமேல் நிற்கிற நின்ற நாராயணப் பெருமாள் கோயில். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. 2021-ல் சிவகாசி மாநகராட்சி உருவானபோது இந்த ஊரும் அதில் சேர்ந்துவிட்டது. ஆனா, இதே ஊர் சிலப்பதிகாரத்தில் வருதுன்னு சொன்னா, உள்ளூர்க்காரங்களே சிலர் ஆச்சர்யப்படுவாங்க. அங்கே இதன் பெயர் 'தங்கால்'. கோவலனும் கண்ணகியும் இந்த ஊருக்கு வரவில்லை. இங்கே வாழ்ந்தது ஒரு சாதாரணக் குடும்பம். அப்பா, அம்மா, மழலை மாறாத ஒரு பையன். மொத்தக் காப்பியத்தில் அவங்க வர்றது சில பத்து வரிகளில் மட்டும்தான்.

தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியானது 1879-ல். நாவல் என்ற பெயரே நமக்குத் தெரியாத காலத்தில், ஒரு நாவலுக்கு உண்டான அத்தனை மனிதர்களோடும் எழுதப்பட்டது சிலப்பதிகாரம். மூன்று காண்டம், 30 காதை. அதில் ஓரமா வந்துபோகிற சிலரைத்தான் இப்போ சந்திக்கப்போறோம். எல்லோரும் சேர்ந்து நமக்குச் சொல்றது கிட்டத்தட்ட ஒரே விஷயம்தான். அது என்னன்னு கடைசியில் பார்க்கலாம்.

1. வார்த்திகன்: பொறாமைக்கு ஆதாரம் தேவையில்லை

மதுரைக் காண்டத்தின் கடைசிப் பகுதி 'கட்டுரை காதை'. மதுரை எரிந்துகொண்டிருக்கும்போது, ஊரின் காவல் தெய்வமான மதுராபதி, கண்ணகியிடம் பேச வருகிறாள். 'பாண்டியர்கள் நீதி தவறாத பரம்பரையம்மா' என்று சொல்லி, அதற்குச் சான்றாகச் சில கதைகளைச் சொல்கிறாள். அதில் ஒன்றுதான் தங்கால் கதை.

சோழ நாட்டிலிருந்து பராசரன் என்ற அந்தணர் சேர மன்னனைப் பார்க்கப் போகிறார். அங்கே வாதத்தில் வென்று, நிறைய அணிகலன்களைப் பரிசாக வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார். வழியில் தங்கால். அரசமரத்து மன்றத்தில் குடை, தண்டு, செருப்பு, சின்ன மூட்டை எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டு உட்கார்கிறார். விளையாடிக்கொண்டிருந்த குட்டிப் பசங்க அவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். 'என்கூட சேர்ந்து தப்பில்லாம வேதம் ஓதுங்க பார்ப்போம். ஓதுறவங்களுக்கு இந்த மூட்டை பரிசு' என்கிறார் அவர்.

வார்த்திகன் என்பவரின் மகன் தக்கிணன் முன்னால் வருகிறான். பால் மணம் மாறாத வாய். நாக்கு இன்னும் சரியாகத் திருந்தவில்லை. ஆனாலும் ஒரு பிசகும் இல்லாமல் ஓதிவிடுகிறான். பராசரனுக்கு அளவில்லாத சந்தோஷம். முத்துப் பூணூல், கடகம், தோடு என அள்ளிக் கொடுத்துவிட்டு, தன் ஊரைப் பார்த்துப் போய்விடுகிறார்.

பிரச்னை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. நேற்று வரை சாதாரணமாக இருந்த வீட்டில் இன்று நகை மின்னுகிறது. அதைப் பார்த்த அரசாங்க ஊழியர்களான சில இளைஞர்களுக்குப் பொறுக்கவில்லை. புதையல் எடுத்தால் அது அரசனுக்குச் சேர வேண்டும் என்பது அன்றைய முறை. 'இவன் புதையலை எடுத்து அமுக்கிட்டான்' என்று சொல்லி, வார்த்திகனைச் சிறையில் தள்ளிவிடுகிறார்கள். பரிசு கொடுத்த பராசரன் எங்கோ போய்விட்டார். சாட்சி சொல்ல ஆள் இல்லை.

இளங்கோவடிகள் இங்கே ஒரு நுட்பமான வேலை செய்கிறார். அந்த ஊழியர்கள் குற்றத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. அவர்களுக்குப் *பொறுக்கவில்லை* என்கிறார். முதலில் வந்தது வயிற்றெரிச்சல். குற்றச்சாட்டு அதற்குப் பின்னால் வந்தது.

நம்ம வாழ்க்கையில் இது நடக்காமலா இருக்கு? ஆபீஸில் ஒருத்தருக்கு புரமோஷன் கிடைச்சா, 'அவன் எப்படி வாங்கினான்னு எனக்குத் தெரியாதா!' பக்கத்து வீட்டில் கார் வாங்கினா, 'இவ்ளோ காசு எங்கிருந்து வந்துச்சு?' இப்படி நாம கேட்கிறப்போ ஒரு நொடி நின்னு யோசிக்கலாம். நாம சந்தேகப்படுறோமா, இல்லை நமக்குப் பொறுக்கலையா? ரெண்டும் வெளியில் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

2. கார்த்திகை: சத்தம் போட்டு அழுவதும் ஒரு முறையீடுதான்

வார்த்திகனின் மனைவி பெயர் கார்த்திகை. அவளிடம் பணம் இல்லை, செல்வாக்கு இல்லை. அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஏங்கி அழுதாள், மண்ணில் விழுந்து புரண்டாள், பொங்கினாள். அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே உட்காரவில்லை.

அவள் அழுததைக் கண்டு, கொற்றவை கோயிலின் கதவு திறக்காமல் மூடிக்கொண்டது என்கிறது கதை. செய்தி அரசனுக்குப் போகிறது. அவன் தச்சனைக் கூப்பிட்டுக் கதவை உடைக்கச் சொல்லவில்லை. 'என் ஆட்சியில் ஏதாவது கொடுமை நடந்திருக்கா? கொற்றவைக்கு என்ன வருத்தம்? விசாரிச்சுச் சொல்லுங்க' என்கிறான். விசாரித்தார்கள். உண்மை வெளியே வந்தது.

அடுத்து அவன் செய்ததைத்தான் நாம குறிச்சு வெச்சுக்கணும். ஒரு நல்ல மன்னிப்பு எப்படி இருக்கணும் என்பதற்கு இது பாடம்.

முதலில், 'விவரம் தெரியாத என் ஆட்களால் என் ஆட்சிமுறை தவறிவிட்டது' என்று தன் தவறை ஒப்புக்கொண்டான். வார்த்திகன் முன்னால் தரையில் விழுந்து வணங்கினான். இரண்டாவது, நஷ்டத்தை ஈடுசெய்தான். தங்கால், வயலூர் என்ற இரண்டு ஊர்களை வார்த்திகனுக்குக் கொடுத்தான். மூன்றாவது, இனி இப்படி நடக்காமல் இருக்க விதியையே மாற்றினான். சிறையில் இருப்பவர்களை விடுவிக்கச் சொன்னான். புதையல் கிடைத்தால் அது கிடைத்தவருக்கே சொந்தம் என்று யானைமேல் முரசு வைத்து ஊருக்கெல்லாம் அறிவித்தான்.

ஏத்துக்கிறது, ஈடு செய்றது, மாத்துறது. இந்த மூணும் இருந்தாதான் அது 'ஸாரி'. 'நீ ஹர்ட் ஆகியிருந்தா ஸாரி'ன்னு ஒரு மெசேஜ் தட்டிவிடுறது இந்தக் கணக்கில் வராது பாஸ்!

கார்த்திகை வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், வார்த்திகன் சிறையிலேயே கிடந்திருப்பான். நமக்கு அநியாயம் நடந்தால் அதை நாலு பேருக்குக் கேட்கும்படி சொல்வது அவமானம் இல்லை. வீட்டில், ஹெச்.ஆரிடம், காவல் நிலையத்தில்... எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

சரி, இவ்வளவு நல்லவனான அந்த அரசன் யார் தெரியுமா? கோவலனைக் கொல்லச் சொன்ன அதே பாண்டியன்தான்! ஒரு முறை விசாரித்து ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியவன், இன்னொரு முறை விசாரிக்காமல் விட்டான். நடுவில் என்ன ஆச்சு? அதைத் தெரிஞ்சுக்க, கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வந்த பாதையில் கொஞ்சம் நடந்து பார்க்கலாம்.

3. கவுந்தி அடிகள்: கூட நடப்பவர்தான் நண்பர்

எல்லாம் இழந்து, மிச்சம் இருந்த சிலம்போடு புகாரிலிருந்து இரவோடு இரவாகக் கிளம்புகிறது அந்த ஜோடி. வழியில் கவுந்தி என்ற சமணத் துறவியின் பள்ளி. அவர், 'ஏன் போறீங்க, திரும்பிப் போங்க' என்று அட்வைஸ் மழை பொழியவில்லை. பாதையில் இருக்கும் ஆபத்துகளைச் சொல்கிறார். பிறகு, 'எனக்கும் மதுரைக்குப் போய் அறம் கேட்கணும்னு ரொம்ப நாள் ஆசை. வாங்க, சேர்ந்தே போகலாம்' என்று பையைத் தூக்கிக்கொள்கிறார். உதவி செய்கிறேன் என்றே காட்டிக்கொள்ளாத உதவி. வாங்கிக்கொள்பவருக்குக் கூச்சமே இருக்காது.

அவரும் கோபப்பட்ட இடம் ஒன்று உண்டு. வழியில் ஓர் ஆணும் பெண்ணும் வருகிறார்கள். 'இவங்க யார்?' என்று கேட்க, 'என் பிள்ளைகள்' என்கிறார் கவுந்தி. 'ஒரு வயித்துல பிறந்தவங்க புருஷன் பொண்டாட்டியா வாழ்வாங்களா?' என்று கேலி செய்கிறது அந்த ஜோடி. கண்ணகி காதைப் பொத்திக்கொண்டு நடுங்குகிறாள். கவுந்தி இருவரையும் நரியாகப் போகும்படி சபித்துவிடுகிறார்.

அப்போது அவருக்காக இல்லை, அந்த இரண்டு பேருக்காகப் பரிந்து பேசியது யார் தெரியுமா? அவமானப்பட்ட கண்ணகியும் கோவலனும்தான். 'அறியாமல் பேசிட்டாங்க, மன்னிச்சிடுங்க' என்று கேட்கிறார்கள். சாபம் 12 மாதமாகக் குறைகிறது.

கமென்ட் பாக்ஸில் யாரோ ஒருவர் நம்ம ஃப்ரெண்டைக் கிண்டல் செய்தால், நமக்குக் கோபம் வருவது நியாயம். ஆனால், தண்டனை குற்றத்தைவிடப் பெரிதாகிவிடக் கூடாது. ஒரு மோசமான கமென்ட்டுக்காக ஒருத்தரோட வேலை, குடும்பம், போன் நம்பர் எல்லாத்தையும் தெருவுக்கு இழுப்பது நரி சாபம் மாதிரிதான். பாதிக்கப்பட்டவரே 'போதும், விடு' என்றால் விட்டுவிடலாம். கவுந்தி விட்டார்.

4. கோசிகன்: மசாலா சேர்க்காத மெசேஞ்சர்

மாதவி முதலில் எழுதிய கடிதத்தைத் தோழி வசந்தமாலை கொண்டுபோய்க் கொடுத்தபோது, கோவலன் வாங்கவே மறுத்துவிட்டான். இன்றைய பாஷையில் சொன்னால், பிளாக்!

கோவலன் ஊரைவிட்டுப் போனதும் மாதவி மறுபடி ஒரு கடிதம் எழுதுகிறாள். இந்த முறை எடுத்துக்கொண்டு கிளம்புபவர் கோசிகன். காடு மேடெல்லாம் அலைந்து வரும் அவர், ஒரு நீர்நிலையின் பக்கம் கோவலனைப் பார்க்கிறார். ஆனால் அடையாளமே தெரியவில்லை. துயரத்தில் ஆள் அவ்வளவு உருமாறிப் போயிருக்கிறான். இவர்தானா, இல்லையா?

தெரியாத ஆளிடம் போய் அந்தரங்கக் கடிதத்தை நீட்ட முடியாது. அதனால் அவர் ஒரு சின்ன டெஸ்ட் வைக்கிறார். பக்கத்தில் ஒரு குருக்கத்திக் கொடி. அதற்கு 'மாதவி' என்றும் பெயர். 'கோவலன் பிரிஞ்சதால வாடிக் கிடக்கிற மாதவி மாதிரியே நீயும் வாடிட்டியே!' என்று கொடியிடம் பேசுவதுபோலச் சத்தமாகச் சொல்கிறார். கோவலன் திரும்பி, 'என்ன சொன்னீங்க?' என்று அருகில் வருகிறான். ஆள் உறுதி! அனுப்பும் முன்பு 'சரியான ஆளுக்குத்தான் போகுதா' என்று பார்த்துக்கொள்வதில் கோசிகன் நமக்கெல்லாம் சீனியர்.

அப்புறம் நடந்ததைச் சொல்கிறார். பெற்றோர் படும் பாடு, சொந்தக்காரர்களின் நிலை, மாதவி நோயில் விழுந்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடிதத்தைக் கொடுக்கிறார். யார் மேலும் பழி போடவில்லை. கோவலன் படிக்கிறான். 'தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது' என்று அவனுக்குப் புரிகிறது. அதே கடிதத்தை 'இதை என் பெற்றோரிடம் கொடுத்துவிடுங்கள்' என்று திருப்பிக் கொடுக்கிறான். மாதவி எழுதிய மன்னிப்பு வார்த்தைகள், மகன் பெற்றோரிடம் கேட்கும் மன்னிப்புக்கும் அப்படியே பொருந்தின.

ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் நடுவே சண்டை. நடுவில் நீங்க. 'அவன் உன்னைப் பத்தி என்ன சொன்னான் தெரியுமா?' என்றும் ஆரம்பிக்கலாம், சொன்னதை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு நகரவும் செய்யலாம். கோசிகன் இரண்டாவதைச் செய்தார். அதனால்தான் சாவதற்கு முன் கோவலன் மனதில் மாதவிமேல் இருந்த கசப்பு கரைந்தது.

5. மாதரி: அடைக்கலம் கொடுத்தவளின் குற்ற உணர்ச்சி

மதுரைக்கு வெளியே ஆயர்பாடி. இயக்கிக்குப் பால் படைத்துவிட்டுத் திரும்பும் மாதரி என்ற இடைக்குலப் பெண்ணிடம், கவுந்தி இந்த ஜோடியை ஒப்படைக்கிறார். முன்பின் தெரியாதவர்கள். ஆனாலும் மாதரி தயங்கவில்லை. வேலி கட்டி, செம்மண் பூசிய புது வீட்டைக் கொடுக்கிறாள். தன் மகள் ஐயையைத் துணைக்கு விடுகிறாள். கோவலன் சமண நோன்பிகளின் உணவுமுறைக்காரன் என்பதால் அதற்கேற்ற பலாக்காய், வெள்ளரி, மாதுளை, மாம்பழம், வாழைப்பழம், அரிசி, பால், மோர் என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறாள். 'எங்க வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடுங்க' என்று சொல்லாமல், 'உங்களுக்கு எது ஒத்துக்கும்' என்று யோசித்த விருந்தோம்பல்!

கண்ணகி காய் நறுக்குகிறாள், விரல் சிவக்கிறது. ஐயை அடுப்பு மூட்டிக் கொடுக்கிறாள். கோவலன் சாப்பிடும் கடைசிச் சாப்பாடு அது. காப்பியத்திலேயே அந்தத் தம்பதி நிம்மதியாக இருந்த நேரம், இந்த இரண்டு பெண்களால் கிடைத்ததுதான்.

அடுத்த பகுதி கொஞ்சம் கனமானது. கோவலன் கொலை செய்யப்பட்ட செய்தி வந்ததும், 'என்னிடம் ஒப்படைத்தவர்களைக் காப்பாற்ற முடியவில்லையே' என்று மாதரி நள்ளிரவில் தீயில் இறங்கிவிடுகிறாள். கவுந்தி உண்ணாமல் இருந்து உயிரை விடுகிறார். பழைய உரைகளில் இதை அவர்களின் உயர்ந்த பண்பாகப் பேசுவதுண்டு.

நாம வேற மாதிரி படிக்கலாம். மாதரி என்ன தப்பு செய்தாள்? ஒரு தப்பும் இல்லை. பொய் சொன்னவன் வேறு ஒருவன். விசாரிக்காதவன் வேறு ஒருவன். ஆனால் குற்ற உணர்ச்சி வந்து விழுந்தது, அதிகம் அன்பு காட்டியவளின் தலையில். நிஜ வாழ்க்கையிலும் இதுதான் நடக்குது. 'நான் அன்னிக்கு ஒரு போன் பண்ணியிருந்தா...', 'நான் கூடப் போயிருந்தா...' என்று தன்னைத்தானே தின்றுகொள்பவர்கள் பெரும்பாலும் தப்பே செய்யாதவர்கள்தான். மாதரியின் பக்கத்தில் உட்கார்ந்து, 'இது உன் தப்பு இல்லம்மா' என்று சொல்ல அந்த ராத்திரி ஒருத்தர் இருந்திருக்கலாம். உங்க நட்பு வட்டத்தில் ஒரு மாதரி இருந்தால் இன்றைக்கே அதைச் சொல்லிவிடுங்கள். அந்த மாதரி நீங்கதான் என்றால், யாரிடமாவது பேசுங்கள். 104 அல்லது டெலி-மானஸ் 14416 எண்ணிலும் பேசலாம்.

6. தயங்கிய காவலர்கள்: சந்தேகம் வந்தால் பாதியில் விடாதீர்கள்

இப்போது அந்தக் கொலைக்கு வருவோம். அரசியின் சிலம்பைத் தானே திருடி வைத்திருக்கும் பொற்கொல்லன், கோவலன் கையில் இருக்கும் சிலம்பைப் பார்த்ததும் ஒரு கணக்குப் போடுகிறான். நேராக அரண்மனைக்குப் போகிறான். அரசனோ ஊடலில் இருக்கும் ராணியைச் சமாதானப்படுத்தும் அவசரத்தில் இருக்கிறான். 'சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்றுவிட்டுக் கொண்டுவாருங்கள்' என்று காவலர்களிடம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். மூடிய கதவைக் கண்டதும் 'ஏன்?' என்று கேட்ட அதே மனிதன், இங்கே அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நல்லவர்கள்கூட அவசரத்தில் இருக்கும்போது வேறு ஆளாகிவிடுகிறார்கள்.

ஆனால், இன்னும் ஒரு வாய்ப்பு மிச்சம் இருந்தது. காவலர்கள் கோவலனைப் பார்க்கிறார்கள். 'இவர் முகத்தைப் பார்த்தா திருடன் மாதிரியே இல்லையே, கொல்லப்பட வேண்டிய ஆள் இல்லை இவர்' என்று சொல்லியும் விடுகிறார்கள். உண்மை அவர்கள் வாயிலிருந்தே வந்துவிட்டது!

பொற்கொல்லன் சிரிக்கிறான். திருடர்கள் எப்படியெல்லாம் ஏமாற்றுவார்கள் என்று மந்திரம், மருந்து, நிமித்தம், தந்திரம் என்று ஒரு லெக்சர் எடுக்கிறான். கேட்டுக்கொண்டிருந்த இளம் காவலன் ஒருவன், தான் ஒருமுறை திருடனிடம் மாட்டித் தோற்ற கதையைச் சொல்கிறான். பயம் அந்தக் கூட்டத்தில் பரவுகிறது. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். எல்லாம் முடிந்தது.

சந்தேகப்பட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் செய்த தவறு, சந்தேகத்தைப் பாதியிலேயே விட்டதுதான். 'எதுக்கும் அரசனிடம் இன்னொரு முறை கேட்டுட்டு வரேன்' என்று ஒருத்தர் சொல்லியிருந்தால் போதும். நன்றாகப் பேசுகிற ஒரு பொய்யன், நாலு பயங்கரக் கதை, நிதானத்தில் இல்லாத ஓர் ஆள்... ஒரு உயிர் போக இவ்வளவுதான் தேவைப்பட்டது.

இந்த இடத்தில் இன்னொரு குட்டிக் கேரக்டருக்கும் ஒரு சல்யூட். அரண்மனை வாயிற்காவலன். ஒற்றைச் சிலம்போடு, தலைவிரி கோலமாக நிற்கும் கண்ணகியைப் பார்த்து அவன் நடுங்குகிறான். ஆனாலும் 'அப்புறம் வாங்கம்மா' என்று விரட்டவில்லை. உள்ளே போய், பார்த்ததைப் பார்த்தபடி அரசனிடம் சொல்கிறான். அவனால்தான் வழக்கே நடந்தது. ரிசப்ஷனில், ஹெல்ப்லைனில், வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் இவன் வாரிசுதான்.

இது பழங்கதை இல்லை!

2018 மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பகுதி. குலதெய்வக் கோயிலைத் தேடி சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் வருகிறது. வழியில் குழந்தைகளைப் பார்த்ததும், அந்தக் குடும்பத்தின் மூதாட்டி ஒருவர் சாக்லேட் கொடுக்கிறார். அந்த நாள்களில் 'பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்க' என்று வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் சூழ்ந்தது. அந்த மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தனர்.

தங்காலில் ஒரு வழிப்போக்கர் குழந்தைக்கு நகை கொடுத்தார், ஓர் அப்பா சிறைக்குப் போனார். போளூர் பக்கம் ஒரு வழிப்போக்கர் குழந்தைக்கு மிட்டாய் கொடுத்தார், உயிரே போனது. இரண்டு இடத்திலும் அன்பு சந்தேகமாகப் பார்க்கப்பட்டது. தங்காலில் யாரோ ஒருவர் விசாரித்தார். இங்கே விசாரிக்க யாருக்கும் பொறுமை இல்லை. அந்த வருடம் நாட்டின் பல மாநிலங்களிலும் இதேபோலக் கொலைகள் நடந்தன. அதற்குப் பிறகுதான் ஜூலை மாதம், இந்தியாவில் ஒரு மெசேஜை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

இந்த வலி தமிழுக்கு மட்டும் உரியது இல்லை. விக்டர் ஹியூகோ 1862-ல் எழுதிய 'லே மிசராப்ல' நாவலில் ஒரு பிஷப் வருவார். சிறையிலிருந்து வந்தவனுக்கு அவர் இடம் கொடுக்கிறார். அவன் வெள்ளிச் சாமான்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். போலீஸ் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்துகிறது. பிஷப்போ, 'நான்தான் கொடுத்தேன். மெழுகுவத்தித் தண்டுகளையும் கொடுத்தேனே, ஏன் விட்டுட்டுப் போனே?' என்று அதையும் எடுத்துக் கொடுக்கிறார். ஹீரோ ழான் வல்ழானின் வாழ்க்கையே அந்த நிமிடத்தில் மாறுகிறது. இந்தக் கதைதான் 1950-ல் நாகையா நடிப்பில் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் படமானது. வல்லவரான சீதாராமன் 'ஜாவர் சீதாராமன்' ஆனதும், அந்தப் படத்தில் போலீஸ் அதிகாரி 'ஜாவர்' வேடத்தில் நடித்ததால்தான். அதுவும் ஹீரோ வேடம் இல்லை பாருங்க!

வார்த்திகனுக்குக் கிடைக்காத சாட்சி, ழான் வல்ழானுக்குக் கிடைத்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஃபார்வர்டு பட்டனுக்கு முன்னால் மூன்று கேள்விகள்

'இவன்தான் திருடன், ஷேர் பண்ணுங்க' என்று ஒரு போட்டோ உங்க குரூப்பில் வந்தால், விரலை எடுத்துவிட்டு இதை மட்டும் கேட்டுப் பாருங்க.

* சொல்றவருக்கு இதில் என்ன லாபம்? பொற்கொல்லன் சொன்னபோது இதை ஒருத்தர் கேட்டிருந்தால் கதையே மாறியிருக்கும்.
* அந்தப் பக்கம் சொல்றதைக் கேட்டாச்சா? சிலம்பு யாருடையது என்று கோவலனிடம் யாருமே கேட்கவில்லை.
* எனக்கு இப்போ என்ன அவசரம்? பத்து நிமிஷம் தள்ளிப்போட்டால் எதுவும் குடிமுழுகிப் போகாது.

இன்னொன்றும் இருக்கு. மதுராபதி சொல்லும் கதைகளில், கோவலனின் முற்பிறவிக் கதையும் உண்டு. அதில் அவன் பெயர் பரதன். சங்கமன் என்ற அப்பாவி வணிகனை 'இவன் ஒற்றன்' என்று காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்தவன் அவன்தான். கணவனை இழந்த நீலி 14 நாள் அழுது திரிந்து உயிரை விட்டாள். முற்பிறவியை நம்புவதும் நம்பாததும் உங்க விருப்பம். ஆனால், பொய்ப் பழியால் செத்தவனே ஒரு காலத்தில் பொய்ப் பழி சுமத்தியவன் என்று இளங்கோ எழுதியிருப்பதில் ஒரு எச்சரிக்கை இருக்கு. நாம எப்பவும் வார்த்திகன் பக்கம்தான் இருப்போம்னு நினைச்சுக்கிறோம். எத்தனையோ நாள் நாமே பரதனா இருந்திருப்போம்.

அதேபோல, ஒரு பொற்கொல்லன் பொய் சொன்னான் என்பதற்காகப் பொற்கொல்லர்கள் எல்லோரையும் சந்தேகிக்க வேண்டாம். இதே தங்கால் ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு பொற்கொல்லர், சங்கப் புலவர். புறநானூற்றின் 326-ம் பாட்டு 'தங்கால் பொற்கொல்லனார்' பாடியது. அதில் ஒரு காட்சி வரும். இருட்டில் காட்டுப்பூனையைக் கண்டு பயந்து ஒரு இளங்கோழி அலறுகிறது. அந்நேரம் பஞ்சு வேலை செய்ய எழுந்த ஒரு பெண், சின்ன விளக்கை ஏற்றுகிறாள். அந்த வெளிச்சத்தில் பக்கத்திலேயே சேவல் இருப்பதைக் கண்டதும் கோழியின் பயம் அடங்குகிறது.

அந்தப் பெண் யார், பெயர் என்ன, பாட்டில் இல்லை. அவள் பூனையோடு சண்டை போடவில்லை. கோழிக்காக எழுந்திருக்கவும் இல்லை. தன் வேலைக்கு ஏற்றிய விளக்கில், பயந்துபோன ஓர் உயிருக்கு உண்மை தெரிந்தது.

நம்மில் பலரும் எந்தப் பெரிய கதைக்கும் ஹீரோ ஆகப்போவதில்லை. பரவாயில்லை. கும்பல் கத்தும்போது 'ஒரு நிமிஷம், விசாரிச்சீங்களா?' என்று கேட்கும் ஒரு குரல் போதும். அடுத்த முறை நின்ற நாராயணப் பெருமாளைப் பார்க்கத் திருத்தங்கல் போனால், அங்கே ஏதாவது ஓர் அரசமரத்தடியில் விளையாடும் பசங்களையும் ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. அதில் ஒரு தக்கிணன் இருப்பான்!